விரல் உயரத்துப் பெண்

கமாலுதீனின் குரல் வாசலில் கேட்டதும் சந்தனசாமி வலது கையைத் தொடைக்கு அடியில் செருகி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். லூர்தம்மாள் கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி அவர் மடியில் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள். ஒரு வருடமாக யார் வந்தாலும் இருவரும் இதைத்தான் செய்கிறார்கள். பேசிவைத்துக்கொண்டு ஆரம்பித்ததில்லை.

கமாலுதீனுக்குப் பாரீசுக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக்கடை. சந்தனசாமியின் ஒரே மகள் பிலோமினும் கல்யாணமாகி அதே ஊரில்தான் இருக்கிறாள். போன தடவை கமாலுதீன் காரைக்கால் வந்தபோது அவளிடமிருந்து சோப்பும் துணியும் கொண்டுவந்தார். இந்தத் தடவை மேசைமேல் வைத்தது செங்கல் அளவில் ஒரு அட்டைப்பெட்டி. அதோடு கைக்குள் அடங்குகிற சின்னச் சின்ன பெயிண்ட் டப்பாக்கள் எட்டு, ஒரு கடிதம்.

"புள்ள ரெண்டு தடவ வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போச்சுண்ணே. உள்ள இருக்கறது உடைஞ்சிடும்னு. அதான் சட்டையில சுத்திக் கொண்டாந்தேன்."

"நல்லாருக்காளா?"

"நல்லாருக்கு. பையன் ஓடுறான் இப்ப. கடையில வந்து கைக்கு எட்டுனதெல்லாம் இழுத்துப் போடுறான்."

சந்தனசாமி சிரித்தார். சிரிப்பு முகத்தில் பாதியிலேயே நின்றுவிட்டது. லூர்தம்மாள் இரண்டு தம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். கமாலுதீன் குடித்து முடித்தார். சந்தனசாமியின் தம்ளர் அப்படியே இருந்தது.

"ஆறுதேண்ணே."

"சூடா குடிச்சா வயித்துக்கு ஒத்துக்கல."

கமாலுதீன் கிளம்பும்போது, "மார்ச் கடைசியில போறேன்க்கா. அதுக்குள்ள அண்ணன் முடிச்சுக் குடுத்துடணுமாம். கையில வாங்காம வராதீங்கன்னு புள்ள கண்டிஷனா சொல்லிருக்கு" என்றார்.

அவர் போனபிறகு லூர்தம்மாள் கதவைச் சாத்தினாள். சந்தனசாமி கையை வெளியே எடுத்தார். இவ்வளவு நேரம் அடக்கிவைத்ததற்கும் சேர்த்து அது ஆடியது. அவள் ஆறிப்போன டீயைத் தூக்கி அவர் வாயில் பிடித்தாள்.

பொதுப்பணித்துறையில் வரைபடம் போடுகிற வேலை பார்த்தவர் சந்தனசாமி. பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்திலேயே, இருபது வயதில் சேர்ந்தவர். அரசலாறு, நூலாறு, வாஞ்சியாறு என்று வரைபடத்தில் ஆற்றின் வளைவோடு சேர்ந்து வளைந்துபோகும் அவர் எழுத்து. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் பிசிறு இருக்காது. எண்பத்து மூன்றில் பிலோமின் கிளம்பியபோது அவள் பெட்டிகளில் அவர் எழுதிய விலாசத்தைப் பார்த்து, எந்த அச்சகத்தில் அடித்தது என்று மெட்ராஸ் விமான நிலையத்தில் ஒருவர் கேட்டார். அதற்கு அடுத்த வருடம் கட்டைவிரல் மட்டும் தானாக அசைய ஆரம்பித்தது. பிறகு முழுக்கை. புதுச்சேரியில் டாக்டர் நடுக்குவாதம் என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக நடை போகும், பேச்சு போகும், விழுங்குவதும் கஷ்டமாகும் என்பதை லூர்தம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மைக்கூடு கவிழ்ந்து ஒரு வரைபடம் முழுக்க நாசமான அன்றைக்கு, யாரும் சொல்வதற்கு முன்னால் சந்தனசாமியே மருத்துவக் காரணம் காட்டி ஓய்வுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்.

மகளுக்கு இது எதுவும் தெரியாது. தெரியக்கூடாது என்றார்.

லூர்தம்மாள் கடிதத்தைப் பிரித்துப் படித்தாள்.

'அப்பா கையெழுத்தைப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. கைவலி, காய்ச்சல், கண்ணாடி உடைந்துவிட்டது என்று அம்மா ஒவ்வொரு தடவையும் ஒன்று எழுதுகிறாள். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. நான் வேலை பார்க்கிற கடையில் இந்த மாதிரிப் பொம்மைகள் விற்கிறார்கள். குழந்தைகளுக்கு இல்லை, பெரியவர்கள்தான் வாங்கிப்போய் ஒட்டி வர்ணம் தீட்டுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் அப்பா ஞாபகம். அப்பா இதைச் செய்து கமாலுதீன் மாமாவிடம் கொடுத்தனுப்பட்டும். அப்பாவின் கைவேலையை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். பொம்மை வரவில்லை என்றால் ஆகஸ்ட் லீவில் பையனைத் தூக்கிக்கொண்டு நானே வந்துவிடுவேன்.'

கடைசி வரியைப் படிக்கும்போது லூர்தம்மாளின் குரல் உயர்ந்துவிட்டது. பேரனை அவள் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

"வரட்டுமே" என்றாள்.

சந்தனசாமி பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

உள்ளே பஞ்சுக்கு நடுவில் வெளுத்த மஞ்சள் நிறத்தில் ஒன்பது துண்டுகள் இருந்தன. ரெசின் என்கிற பிசினில் வார்த்தது. எலும்பு மாதிரி இருந்தாலும் எலும்பைவிட லேசு. மண்ணெண்ணெயும் மெழுகும் கலந்ததுபோல ஒரு வாடை. தலையில்லாத ஒரு பெண் உடம்பு, கவசம் போட்டது. முடி பறக்கிற தலை தனியாக, புளியங்கொட்டை அளவில். இரண்டு கைகள், ஒரு வாள், இரண்டு இறக்கைகள், சுருண்டு கிடக்கிற ஏதோ ஒரு ஜந்து, நிற்பதற்கு ஒரு பாறை. ஒட்டி நிறுத்தினால் ஆள்காட்டி விரல் உயரம் வரும்.

"மிக்கேல் சம்மனசா?" என்றாள் லூர்தம்மாள், கோவிலில் இறக்கையோடு நிற்கும் தேவதூதரை நினைத்து.

அவர் பெட்டிக்குள் பிரெஞ்சில் இருந்த செய்முறைத் தாளைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் படித்தார். "சம்மனசு இல்ல. பொம்பளை. ஏதோ கதையில வர்ற ராணி. இறக்கை அவளோடது இல்ல, இந்தப் பறவைநாகத்தோடது."

"சம்மனசு காலுக்கடியில பசாசு கெடக்குமே, அது மாதிரியா?"

"இவ மிதிக்கல. வளர்க்குறா."

லூர்தம்மாள் அந்தத் தலையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். மூக்கு, உதடு எல்லாம் இருந்தது. கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு மேடுகள் மட்டும், குருடாக.

"நீ செய்யி" என்றார் சந்தனசாமி.

"நானா?"

"நான் படிச்சுச் சொல்றேன். நீ செய்யி. கன்னியாஸ்திரிங்ககிட்ட பூத்தையல் படிச்சவதான நீ."

"அது எந்தக் காலம். எனக்கு வராதுங்க. உண்மைய எழுதிடுவோம். புள்ள வந்துட்டுப் போகட்டும்."

"வந்து என்னத்தப் பாக்கணும்? நீ ஊட்டுறதையா? வேட்டி கட்டிவிடுறதையா?" அவர் குரல் அப்போதே கொஞ்சம் தேய்ந்திருந்தது. கோபப்பட்டால் இன்னும் தேயும். "அவளுக்கு அந்தப் பெட்டி மேல எழுதுன கை இருக்கட்டும். அது போதும்."

எண்பத்தாறு பிப்ரவரி முதல் வாரத்தில் ஆரம்பித்தார்கள். பத்து மணிக்குமேல் கொல்லைப்பக்கத்து ஜன்னலில் நல்ல வெளிச்சம் வரும். அங்கே அவருடைய பழைய வரைபலகையைப் போட்டு, அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தாளைச் சுவரில் ஊசி குத்தி மாட்டினாள். அவர் பிரெஞ்சில் ஒரு வரி படித்து, தமிழில் சொல்வார். அவள் செய்வாள். முதலில் துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவவேண்டும். அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவிய எண்ணெய் போகாவிட்டால் பெயிண்ட் பிடிக்காதாம். பிறகு அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஓடும் கோட்டை அரத்தால் தேய்த்து எடுக்கவேண்டும். வாளைத் தேய்த்தபோது நுனி உடைந்துவிட்டது. அவள் அப்படியே உறைந்து உட்கார்ந்தாள்.

"அழுத்தாதன்னு சொன்னேன்ல. அழுத்தாதன்னு சொன்னேன்."

"தெரியாமதாங்க."

"கையில உசிரே இல்லாத மாதிரி புடிக்கணும். தள்ளு, நான்..." என்று அரத்தை எடுக்கக் கையை நீட்டினார். கை வரைபலகையில் மோதிக் கடகடவென்று அடித்தது. ஒரு இறக்கை கீழே விழுந்தது. இரண்டு பேரும் அதைக் குனிந்து தேடினார்கள். அவரால் குனிய முடியவில்லை. குனிந்த மாதிரி இருந்தார்.

அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டார்கள். மறுநாள் அவரே, உடைந்த நுனிக்குக் குண்டூசியின் முனையை வெட்டி ஒட்டலாம் என்று வழி சொன்னார். ஒட்டித் தேய்த்தபோது முன்னைவிடக் கூர்மையாக இருந்தது. கைகள் இரண்டையும் தோளில் சேர்க்கும்போது உள்ளே கம்பி வைத்து ஒட்டவேண்டும் என்றும் அவர்தான் சொன்னார், அது தாளில் இல்லை. அடிப்பூச்சாகச் சாம்பல் நிறம். கவசத்துக்குக் கறுப்பு பூசி, காய்ந்தபிறகு ஏறக்குறைய ஈரமே இல்லாத தூரிகையில் வெள்ளியைத் தொட்டு மேடான இடங்களில் மட்டும் உரசச் சொன்னார். அவள் உரசினாள். கறுப்புக்குள்ளிருந்து ஒவ்வொரு வளையமாக இரும்பு எழுந்து வந்தது. லூர்தம்மாள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அதற்குப்பிறகு அவளுக்கு நேரம் தெரியாமல் போக ஆரம்பித்தது. ஒருநாள் சோறு அடிப்பிடித்துக் கரிந்த வாடை தெருவரை வந்து, பக்கத்து வீட்டு செல்லம்மா கூப்பிட்டுச் சொல்லவேண்டியிருந்தது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்றில் பெயிண்ட் காய இரண்டு நாளாகும். காயும் நாட்களில் அவளுக்கு எதிலும் மனம் ஓடாது. போய்ப் போய்ப் பார்ப்பாள். பறவைநாகத்தின் முதுகுக்கு, மாதா கோவில் குளத்துப் பாசியில் வெயில் படும் நிறம் வேண்டும் என்று அவளாகவே இரண்டு டப்பாக்களைக் கலந்தாள். அவரைக் கேட்கவில்லை. பதினாறு வயதில் கன்னியர் மடத்தில் பீடத் துணிக்கு அல்லிப்பூ தைத்தபோது விரல் நுனியில் இருந்த அந்தக் கூச்சம், முப்பத்தைந்து வருடம் எங்கே போய்க் கிடந்ததோ, திரும்பி வந்திருந்தது. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் வருகிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"உனக்கு இது புடிச்சுருக்கு" என்றார் ஒருநாள்.

அவள் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதையே மறுபடியும் தண்ணீரில் முக்கினாள்.

கண் கடைசியில். அப்படித்தான் தாளில் போட்டிருந்தது. தவறினால் முகம் முழுவதையும் கழுவிவிட்டு மறுபடி பூசவேண்டும். மார்ச் பதினைந்துக்குமேல் ஒரு காலையில், அவருடைய பெட்டியிலிருந்த மிக மெல்லிய தூரிகையை எடுத்தாள். அதிலும் நாலைந்து முடியை விட்டு மிச்சத்தைப் பிளேடால் கழித்தாள். இரண்டு வெள்ளைப் புள்ளிகள் வைத்தாகிவிட்டது. இனி கறுப்பு.

அப்போதுதான் அது அவளுக்குத் தோன்றியது. தோன்றியது என்பதுகூடச் சரியில்லை, முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்தது. கறுப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும். ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. ஒரு நடுக்கம். பிலோமின் பார்த்த நிமிடம் புரிந்துகொள்வாள். அப்பா இப்படி வைக்கமாட்டார் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள். பையன் இந்த வீட்டுக்குள் ஓடுவான். கைக்கு எட்டுவதையெல்லாம் இழுத்துப் போடுவான். அவர் நன்றாக இருக்கும்போதே, பேச்சு இருக்கும்போதே பார்த்துவிடுவாள். கோபப்படுவார், படட்டும்.

சந்தனசாமி நாற்காலியில் முன்னால் சாய்ந்திருந்தார். கையைத் தொடைக்கடியில் வைக்க மறந்து, அது மடியில் துள்ளிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பொம்மையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்தில் அவர் எதையும் அப்படிப் பார்த்து அவள் கண்டதில்லை.

அவள் மூச்சை நிறுத்தினாள். ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி. பிறகு மேல் இமைக்கு முடியளவில் ஒரு கோடு. இரண்டும் ஒரே நேரில், ஒரே பக்கம் பார்த்தன, காலடியில் கிடக்கிற அந்த ஜந்துவை. கை அதுவாகச் செய்துவிட்டது என்று பின்னால் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுண்டு. அப்படியில்லை. சரியாக வரவேண்டும் என்று அந்த நிமிடத்தில் அவள் விரும்பினாள்.

அவர் பூதக்கண்ணாடியைப் பிடிக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார்.

"நான் வச்சிருந்தாலும் இப்படித்தான் வச்சிருப்பேன்" என்றார். பிறகு கட்டிலுக்குக் கூட்டிப்போகச் சொல்லி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கமாலுதீன் பொம்மையை வாங்கிப்போக வந்தபோதும் அவர் எழுந்து வரவில்லை. தூங்குகிறார் என்றாள் லூர்தம்மாள். கமாலுதீன் பொம்மையை ஜன்னலோரம் எடுத்துப்போய் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"அல்லாவே, என்னமா செஞ்சிருக்காரு" என்றவர், அவள் பஞ்சு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நகக்கண்களில் பச்சையும் வெள்ளியும் ஏறியிருந்தன. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அக்கா, போனதும் புள்ள என்னையத்தான் மொதல்ல கேக்கும். அப்பா எப்படி இருக்காருன்னு. நான் என்னக்கா சொல்லட்டும்?"

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. தூங்குகிறவர் புரளுகிற சத்தமில்லை அது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுக்கிற சத்தம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நல்லாருக்காருன்னு சொல்லுங்க தம்பி."

கமாலுதீன் "சரிக்கா" என்று பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மே மாதம் பிலோமினின் கடிதம் வந்தது. நான்கு பக்கம். 'கமாலுதீன் மாமா பெட்டியைத் திறந்ததும் நான் அழுதேவிட்டேன். அப்பா கையேதான். கடையில் காட்டினேன், முதலாளி கண்ணாடி அலமாரியில் எல்லாருக்கும் நடுவில் வைத்திருக்கிறார். அந்தக் கண்களைப் பார்த்தால் அப்பா மேப் போடும்போது குனிந்து பார்க்கிற மாதிரியே இருக்கிறது. நான்தான் வீணாகப் பயந்து இத்தனை மாதம் தூங்காமல் இருந்தேன். ஆகஸ்டில் வீடு மாற்றுகிறோம். அப்பா நன்றாக இருப்பதால் அவசரமில்லை, இரண்டு வருடம் கழித்து எல்லாருமாக வந்து ஒரு மாதம் இருக்கிறோம். கடிதம் அம்மாவே எழுதட்டும், அப்பாவுக்கு அடுத்த பொம்மை அனுப்புவேன்.'

"கண்ணப் பத்தி எழுதிருக்காளே, அத இன்னொரு தடவ படி" என்றார் சந்தனசாமி.

அவள் படித்தாள். மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னார். இறுகிப்போயிருந்த முகத்தில் சிரிப்பு எதுவும் வரவில்லை. ஆனால் அவர் சந்தோஷமாக இருந்தார், அது அவளுக்குத் தெரிந்தது. அவள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். துவைகல்லில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. செல்லம்மா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "புள்ள எப்ப வர்றாளாம்?" என்று கேட்டாள். "வருவா" என்றாள்.

அந்த வருட மழைக்காலத்திலேயே அவருக்குத் தனியாக நடக்க முடியாமல் போனது. அடுத்த வருடம் எழுந்து உட்காரவே ஆள் வேண்டியிருந்தது. டாக்டர் சொன்ன வரிசையிலேயே ஒவ்வொன்றும் நடந்தது. லூர்தம்மாள் இரண்டு தடவை உண்மையை எழுதினாள். முதல் கடிதத்தை எழுதிய அன்று மாலை, அவர் தானாகவே, "எழுதிட்டியா?" என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். கிழித்துப் போட்டாள். இரண்டாவதைத் தபால்பெட்டி வரைக்கும் கொண்டுபோனாள். அப்பா கையேதான் என்று எழுதியவளிடம் எந்த வார்த்தையால் சொல்வது என்று பெட்டி முன்னால் நின்றுகொண்டே யோசித்துவிட்டுத் திரும்பி வந்தாள். சொன்னால் இரண்டு பேரும் பொய்யர்களாகிவிடுவார்கள். அதைவிட, மகளிடம் இருக்கிற ஒன்றையும் பிடுங்கியதாகிவிடும்.

எண்பத்தெட்டு நவம்பரில் தபாலில் அடுத்த பெட்டி வந்தது. குதிரைமேல் ஒரு கிழவன், கையில் கோல், தோளில் ஆந்தை. பதினான்கு துண்டுகள். 'போன தடவையைவிடக் கஷ்டம் அப்பா, உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று ஒரு சீட்டு.

அவள் வரைபலகையைக் கட்டிலோரம் போட்டாள். அவருக்கு மூன்று தலையணை வைத்து நிமிர்த்தி, தாளைக் கண்ணுக்கு எட்டும்படி மாட்டினாள். அவர் படித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் எழுந்து போய்க் காதை அவர் வாயருகே வைத்தாள். பிரெஞ்சுதான், இடையிடையே ஒரு தமிழ் வார்த்தை. 'கழுவு' என்பது கேட்டது. 'கால்' என்பது கேட்டது. மிச்சத்தை அவள் போன தடவை நினைவில் செய்தாள். ஒவ்வொரு வரிக்கும் எழுந்து போவாள், குனிவாள், திரும்பி வருவாள். அப்படிப் பத்து நாள் போயிற்று.

குதிரையின் முன்னங்காலை ஒட்டுகிற நாளில் வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பெட்டியோடு வந்த இரண்டு பசைகளையும் கலந்து தடவி, காலைத் தோளில் பொருத்தி, இரண்டு விரலால் பிடித்தாள். ஈரக்காற்றில் பசை இறுகக் கால் மணி நேரமாகும். அதுவரை அசைக்கக்கூடாது. அசைத்தால் கால் கோணிக்கொள்ளும், குதிரை நிற்காது.

அவர் ஏதோ சொன்னார். அடுத்த வரியைப் படிக்கிறார் என்று நினைத்தாள். குதிரையைப் பிடித்தபடியே மெதுவாக எழுந்து, அவர் வாயருகே குனிந்தாள்.

"அவ இன்னும் வரலியா?"

பிரெஞ்சு இல்லை. தமிழ்தான்.

"யாரு?"

"எல்லாருமா வர்றேன்னாளே." கொஞ்சம் நிறுத்தி, மூச்சு வாங்கி, "பையனக் கூட்டிக்கிட்டு. பாக்கணும்" என்றார்.

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கடைவாயிலிருந்து எச்சிலும் இறங்கித் தாடையில் தொங்கியது. அதைத் துடைக்க அவர் கை தலையணை விளிம்புவரை வந்து, அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. லூர்தம்மாள் முந்தானையைத் தேடினாள். வலது கையில் குதிரை, இடது கையில் அதன் கால். பசை இன்னும் வழுக்கியது. அவள் விடவில்லை. அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், இரண்டு கைகளையும் அப்படியே பிடித்தபடி, மழைச் சத்தத்தில் குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.